தராசின் முகம் எந்தப் பக்கம்?

ஆபீஸ் என்றதும் மற்றவர்களுக்கு நாற்காலி, மேசை, தலைக்கு மேலே ஃபேன் என்று ஏதாவது நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கருங்கல், மார்த்தாண்டம், அருமனை என்று வளர்ந்தவர்களுக்கு முதலில் வருவது அண்டி ஆபீஸ். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை; முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பெயரில்தான் ஆபீஸ், உள்ளே நாற்காலி கிடையாது. தரையில் சாக்கை விரித்தோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த குரண்டிப் பலகையைப் போட்டோ உட்கார வேண்டும். என் அம்மா 31 வருஷம் அப்படி உட்கார்ந்தவர். நான் ஆறு வருஷம் உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது முடித்தவள் என்பதால் எழுத்து வேலைக்கு மாற்றினார்கள், தபால் வழியில் பி.காம். படித்தேன், இப்போது 62 பெண்கள் வேலை செய்யும் ஒரு சின்ன ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இது பதினோராவது வருஷம்.

வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். வேகவைத்து ஆறிய அண்டியின் தோட்டை உடைத்துப் பருப்பை எடுப்பது தல்லு. அம்மா காலத்தில் வறுத்த அண்டியைக் கட்டையால் தல்லினார்கள். இப்போது கையும் காலும் சேர்த்து இயக்கும் சின்ன கட்டிங் மெஷின் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. எடுத்த பருப்பு தட்டுத் தட்டாகப் போர்மாவுக்குள் போகும். சூட்டுக் காற்றில் பல மணி நேரம் காய்ந்து வெளியே வந்ததும் மேலே ஒட்டியிருக்கும் சிவந்த தொலியைச் சின்னக் கத்தியால் எடுப்பார்கள். அது தொலி எடுப்பு. கடைசியில் தரம் பிரிப்பு: முழுசு, பிளவு, துண்டு. முழுசிலும் அளவு உண்டு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும். டபிள்யூ 180 என்றால் 180-க்கு மேல் போகாது, அவ்வளவு பெரிய பருப்பு. கத்தி கொஞ்சம் அழுந்தி முழுசு பிளவானால் விலை விழுந்துவிடும். முதலாளியின் லாபம் தொலி எடுப்பவளின் விரல் நுனியில் இருக்கிறது. அவளுக்கோ கிலோ கணக்கில் கூலி. வேகமாக எடுத்தால் அவளுக்குக் காசு, மெதுவாக எடுத்தால் அவருக்குக் காசு. எங்கள் தொழிலின் முடிச்சு இதுதான்.

நான்கு வருஷம் முன்பு இந்த முடிச்சு இறுகியது. தொலி எடுப்பில் ஒரு நாளைக்கு ஏழு கிலோ எடுத்தவர்கள் ஆறுக்கு இறங்கினார்கள், பிளவு கூடியது, திங்கட்கிழமை பாதிப் பேர் வரவில்லை. முதலாளி நாகர்கோவிலில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "இவங்களுக்கு ஊக்கம் இல்லை. அதான் பிரச்சினை. மாசாமாசம் நல்லா வேலை செய்யிறவளுக்க போட்டோவை வாசலில் மாட்டு. கூட ஒரு பரிசு கொடுப்போம்."

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பலகை அடித்தோம், கண்ணாடி போட்டோம். போட்டோவுக்குக் கீழே அந்த மாதம் எடுத்த மொத்தக் கிலோவையும் எழுதினோம். பரிசு, ஒரு பிரஷர் குக்கர்.

முதல் மாதம் எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாம் மாதமே சில விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின. முன்பெல்லாம் கத்தி மழுங்கினால் பக்கத்தில் இருப்பவள் தன் கத்தியைக் கொடுப்பாள், அது நின்றது. போர்மாவிலிருந்து தட்டு வரும்போது முன்னால் போய் நிற்கும் தள்ளுமுள்ளு தொடங்கியது. காரணம் எல்லாருக்கும் தெரியும். நன்றாகக் காய்ந்த தட்டில் தொலி தொட்டாலே உதிரும், காயாத தட்டில் நகத்தால் பிறாண்ட வேண்டும். நாங்கள் பரிசு கொடுத்தது திறமைக்கு இல்லை, தட்டுக்கு. பெரும்பாலும் கண் நன்றாகத் தெரிகிற, வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாத இளம் பெண்களுக்கே அது போனது.

மூன்றாம் மாதம் ஜெயித்தவள் மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து, "அக்கா, அந்தப் போட்டோவ எடுத்துருங்க" என்றாள். கண்ணு படும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். அது இல்லை. அவள் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். யாரோ பலகையைப் பார்த்துவிட்டுக் கிலோவைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கூலியைப் பெருக்கிப் பார்த்திருக்கிறார். வீட்டில் சொன்ன தொகைக்கும் வந்த தொகைக்கும் நடுவில் இருந்தது அவள் மகளுக்காகப் போட்ட சீட்டுப் பணம். அன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பலகையைக் கழற்றிவிட்டேன். இன்னும் என் மேசைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. ஒருவருடைய வருமானத்தை ஊருக்குக் காட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான்.

பி.காம். பாடத்தில் ஹாதார்ன் சோதனை என்று ஒன்று வரும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை. 1924-இல் அங்கே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்றும், அதனால் வெளிச்சத்தைவிடத் தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணம்தான் முக்கியம் என்றும் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். பலகை தோற்றபின் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்து, கூடுதலாகவும் தேடிப் படித்தேன். பரீட்சையில் வராத சங்கதிகள் அப்போதுதான் தெரிந்தன. 1927-இல் தொடங்கிய அடுத்த சோதனையில் ஐந்து பெண்கள் ரிலே என்ற டெலிபோன் கருவியைப் பூட்டினார்கள், ஆறாவது பெண் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். இடையில் ஓய்வு கொடுத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள். அதோடு கூலிக் கணக்கையும் மாற்றினார்கள்: நூறு பேர் சேர்ந்த பெரிய குழுவின் கணக்கிலிருந்து எடுத்து, இவர்கள் சின்னக் குழுவின் உற்பத்திக்கே கூலி. அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பெண்களை 1928 தொடக்கத்தில் மாற்றிவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். வெளிச்சச் சோதனையின் பழைய கணக்குகளை 2011-இல் மறுபடி அலசிய இரண்டு பொருளாதார நிபுணர்கள், பாடத்தில் சொல்வதுபோலப் பெரிதாக ஒன்றும் அதில் இல்லை என்றார்கள்.

எனக்கு ஒட்டிக்கொண்டது கூலிக் கணக்கு. தான் எடுத்தது தன் கைக்கு வருகிறது என்று கண்ணால் தெரிந்தால் கை ஓடாதா? அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்தேன். ஒரு வாரம் காலையில் என் வேலையை முடித்துவிட்டுத் தொலி எடுப்பில் போய் உட்கார்ந்தேன். சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த 58 வயது அக்கா மட்டும், "மக்ளே, முதுகு ஓர்ம இருக்கா?" என்றார். முதல் நாள் மாலையே ஓர்மை வந்துவிட்டது. இப்படி ஏதாவது செய்ய நினைக்கும் சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்லக்கூடியது, நின்று பார்க்காமல் உட்கார்ந்து பாருங்கள் என்பதே. நிற்கிறவருக்குத் தலைகள்தான் தெரியும்.

உட்கார்ந்தபோது தெரிந்த முதல் விஷயம் காத்திருப்பு. காலை எட்டே காலுக்கு கேட் மூடிவிடும். போர்மாவிலிருந்து முதல் தட்டு வந்து ஆறி கைக்கு வர ஒன்பதரை. ஒன்றேகால் மணி நேரம் கூலி இல்லாமல் வெறும் கையோடு இருக்கிறார்கள். ஆறு வருஷம் நானும் அப்படி இருந்தவள்தான், மேசைக்குப் போனதும் மறந்துவிட்டேன். போர்மா போடுகிறவரோடு உட்கார்ந்து பேசி, முந்தின நாள் சாயங்காலம் உள்ளே வைக்கும் தட்டுகளை அதிகமாக்கினோம். அவருக்கு ராத்திரி வேலை கூடியது, அதற்குத் தனியாகக் கூலி. இப்போது எட்டரைக்கே கையில் பருப்பு.

கூடவே கேட். எட்டு இருபதுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புவது ஒழுங்கு என்று வைத்திருந்தோம். பள்ளிக்கூட வேன் எட்டேகாலுக்கு வரும் வீட்டில் என்ன செய்வது? அவள் அன்று முழு நாளும் லீவு. கிலோ கணக்கு வேலையில் நேரத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று முதலாளியிடம் கேட்டபோது அவருக்கே பதில் இல்லை. எட்டேகால், ஒன்பது என்று இரண்டு நேரம் வைத்தோம். தொலி எடுப்பிலும் தரம் பிரிப்பிலும் மட்டும்தான்; தல்லில் அது ஆகாது, அங்கே நிற்காமல் ஓட வேண்டும். திங்கட்கிழமை வராதவர்கள் எண்ணிக்கை குறைந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இரண்டாவது, தண்ணீர். இதை எழுதச் சங்கடம், ஆனாலும் எழுதுகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கை தளர்வதைச் சோறு தின்ற மயக்கம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் காலையிலிருந்து பல பேர் தண்ணீரே குடிப்பதில்லை. கக்கூஸ் இரண்டுதான், அதுவும் பின்பக்கம் தோட்டுக் குவியலைத் தாண்டி, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மழைக்காலத்தில் சேற்றில் போக வேண்டும். போகாமல் இருக்கக் குடிக்காமல் இருந்தார்கள். தலைவலி, நீர்க்கடுப்பு, மாதத்தில் மூன்று நாள் லீவு எல்லாம் அதிலிருந்து. மேலும் இரண்டு கட்டி, சிமென்ட் நடைபாதை போட்டு, மேலே ஷீட் இறக்கி, தாழ்ப்பாளும் பக்கெட்டும் மூடியுள்ள டப்பாவும் வைத்தோம். முதலாளி மொத்தச் செலவில் இதற்குத்தான் அதிகம் முணுமுணுத்தார். எனக்கு அதிகம் பலன் தந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். ஊக்கம் ஊக்கம் என்று நாங்கள் வெளியே தேடிக்கொண்டிருந்தது தாழ்ப்பாளில் இருந்தது.

வெளிச்சம் சுலபம். ஜூன் மாதம் மழை இறங்கினால் எங்கள் பக்கம் பகலிலேயே இருட்டும். மறுபடி அக்டோபரில் அடுத்த மழை. ஓட்டுக் கூரையில் எட்டு இடத்தில் ஒளி இறங்கும் ஷீட் மாற்றினோம், தரம் பிரிக்கும் மேசைக்கு மேலே நிழல் விழாதபடி இரண்டு பக்கமும் டியூப் லைட். விளக்கு ஒரே பக்கம் இருந்தால் கையின் நிழல் பருப்பின் மேலேயே விழும், தொலியின் சிறு துணுக்கு தெரியாது. அதன்பின் முழுசு நூற்றுக்கு மூன்று கூடியது. வெளிச்சத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த மாதம் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வந்த ஆப்பிரிக்க அண்டியும் நல்ல லோடு.

ஃபேன் கதை வேறு. வேர்க்கிறதே என்று தொலி எடுப்பில் நாலு சீலிங் ஃபேன் மாட்டினார் முதலாளி. மறுநாளே பெண்கள் அணைத்துவிட்டார்கள். "இவங்களுக்குக் காத்தும் வேண்டாமாம்" என்று அவருக்குக் கோபம். காற்று மேலிருந்து அடித்தால் உரித்த தொலி பறந்து கண்ணிலும் வாயிலும் போகும், பக்கத்து முறத்தில் விழும். இது தொலி எடுத்த யாரிடம் கேட்டிருந்தாலும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். அப்புறம் சுவரின் அடிப்பக்கம் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் இரண்டு வைத்தோம். தூசியும் போகிறது, உள்ளே காற்றும் வருகிறது. சீலிங் ஃபேன்கள் சாப்பாட்டு அறைக்குப் போயின.

மேசையில் நானே தோற்றேன். தரையிலிருந்து எல்லாரையும் எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பது என் கனவு. அம்மாவுக்குச் செய்யாததை இவர்களுக்குச் செய்கிற மாதிரி. பிளாஸ்டிக் நாற்காலியும் ஆபீஸ் உயரத்துக்கு மேசையும் வந்தன. பத்து நாளில் பாதிப் பேர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் தரையில் எட்டவில்லை, தொங்கிய கால் வீங்கியது. சிலருக்கு மேசை மார்பு வரை வந்தது. பிறகுதான் அளந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும் நுணுக்க வேலைக்கு மேசை முழங்கைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், அதிகமாக அல்ல. கால் எங்காவது பதிந்திருக்க வேண்டும். தச்சரைக் கூப்பிட்டு மேசைக் காலை இரண்டு அளவில் அறுத்தோம், கீழே குறுக்குச் சட்டம் அடித்தோம். இதையெல்லாம் முதலில் ஒரே ஒரு மேசையில் செய்து பார்த்திருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும். அந்த 58 வயது அக்கா மட்டும் இன்றும் குரண்டியில்தான். அவருக்கு அரை அடி உயரப் பலகை ஒன்று செய்து கொடுத்தோம். மடியில் முறத்தை வைத்துக் குனிவதற்குப் பதில் அதில் வைத்துக்கொள்கிறார். "இது போதும் மக்ளே, எனக்க காலு மடக்கினாத்தான் நிக்கும்."

பிள்ளைகள் அறை என்று ஒன்று எங்கள் கட்டடத்தில் முன்பே இருந்தது. 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது, அதற்காகக் கட்டியது. உள்ளே காலிச் சாக்கு அடுக்கியிருந்தார்கள். காலி செய்து பாய் போட்டோம். பிள்ளைகள் வரவில்லை, அங்கன்வாடி பக்கம். ஆனால் மாதவிலக்கு நாளில் பத்து நிமிஷம் படுக்க ஓர் இடமாயிற்று.

இனி தராசு.

பருப்பை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு கணக்கெழுதுபவரைப் பார்த்து இருந்தது. பெண்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். அவர் எண்ணைச் சொல்லுவார், சீட்டில் எழுதுவார், கழிவு என்று கொஞ்சம் கழிப்பார். ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. நான் முன்பு வேலை பார்த்த வேறொரு இடத்தில் ஏமாற்றினார்கள், அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கிறவளுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஏழு கிலோ எடுத்தாலும் ஆறே முக்கால் என்றுதான் எழுதுவான் என்று நினைக்கிறவள் எதற்காக ஏழு எடுக்க வேண்டும்?

தராசைத் திருப்புவோம் என்றேன். "திருப்பினா தினமும் சண்டைதான்" என்றார் முதலாளி. சொன்னபடியே ஆயிற்று. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு கிராமுக்கும் சத்தம். காற்றில் எண் ஆடினால்கூட, "இப்ப கூடுதலா காட்டிச்சே!" என்று வாதம். கணக்கெழுதுபவர் வேலையை விடுவதாக என்னிடம் சொன்னார். தராசுக்கு மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்தோம். பக்கத்திலேயே ஒரு கிலோ எடைக்கல். சந்தேகம் இருந்தால் யாரும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். கழிவு எவ்வளவு கழிப்பது என்பதை எல்லார் முன்பும் ஒரு தட்டை எடுத்து ஊதி நிறுத்து முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, அவரவர் கையாலேயே எழுத. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவள் எழுதிக் கொடுப்பாள். கிலோ எழுதிய போட்டோவை வாசலில் மாட்டியதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பார்க்கிறேன்: அதே எண்தான், இங்கே அது அவள் பையில் இருக்கிறது.

மூன்றாவது வாரம் சத்தம் அடங்கியது. இரண்டு மாதத்தில் கிலோ பழையபடி ஏழைத் தொட்டது, சிலர் எட்டு. பிளவு கூடிவிடாமல் இருக்க, முழுசு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால் கிலோவுக்குக் கூடுதல் காசு என்று வைத்தோம், ஆறு பேர் சேர்ந்த குழுவுக்கு. ஹாதார்ன் ஆறு பேர் நினைவில் வந்தது உண்மைதான். ஆனால் யாரோடு யார் என்பதை நான் முடிவு செய்யவில்லை, அவர்களே சேர்ந்துகொண்டார்கள். கத்தி மறுபடி கை மாறத் தொடங்கியது. எல்லாக் குழுவும் நன்றாக ஓடவில்லை. ஒரு குழுவில் கண் மங்கிய ஒருவரைச் சேர்க்க மறுத்தார்கள். அவரைத் தரம் பார்க்கும் வேலையிலும் போட முடியாது; பாக்கிங்கில் நாள் கூலிக்கு மாற்றினேன். அவருக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

பேசக் கூடாது என்ற பழைய சட்டத்தையும் விட்டுவிட்டேன். நாகர்கோவில் வானொலியை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம், ஒரு வாரத்தில் அவர்களே நிறுத்தச் சொன்னார்கள். பேச்சுக்கு இடைஞ்சலாம்.

போனஸில் ஒரு சின்ன மாற்றம். ஒரே தடவையில் கொடுத்துவந்ததை ஓணத்துக்குப் பாதி, கிறிஸ்துமஸுக்குப் பாதி வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளிக்கும் ஒரே மாதத்தில் பெரிய தொகை புரட்ட வேண்டாம் என்று ஆயிற்று. பல வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தல்லில் மட்டும் நான் எதையும் சாதிக்கவில்லை. தோட்டு எண்ணெய் பட்டுக் கை கறுத்து வெடிக்கிறது. கையுறை இலவசமாகவே வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் போட்டார்கள், பிறகு பெட்டியிலேயே கிடக்கிறது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், போஸ்டர் ஒட்டினேன். ஒருத்தி கையுறையோடும் இல்லாமலும் ஒரு மணி நேரம் தல்லி நிறுத்துக் காட்டினாள். கையுறையோடு தல்லினால் நூறு கிராமுக்கு மேல் குறைகிறது. ஒரு நாளைக்குப் பெருக்கினால் பிள்ளைக்குப் பால் காசு. தடிமன் குறைந்த வேறு இரண்டு வகையும் வாங்கிப் பார்த்தோம், எண்ணெயில் ஊறிக் கிழிந்தன. மறுபடி சாம்பல்தான் பூசிக்கொள்கிறார்கள், என் அம்மா பூசியதுபோலவே.

கையுறை போட்டுத் தல்லுகிறவர்களுக்குக் கிலோ கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் போன வாரம் நான்காவது தடவையாகக் கேட்டேன். "எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்றார். முதல் மூன்று தடவை அதுகூடச் சொல்லவில்லை. தல்லிலிருந்து எட்டுப் பேருடைய நோட்டுகளை வாங்கி வந்திருக்கிறேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன்.